மஸ்கட் மருத்துவ அட்டையும் உன் அப்பாவின் காலும்

கண்ணு,

நீயும் பூங்கொடியும் பஸ் ஏறிப் போய் இன்றோடு மூன்று நாளாகிறது. நல்லபடியாகச் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று உன் அப்பா சொன்னார். நீ அவருக்குத்தான் போன் செய்வாய், அவர் எனக்குச் சொல்வார். இத்தனை வருஷமாக நம் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவதை அவர் மூலமாகச் சொல்லி அனுப்ப முடியாது. போனிலும் முடியாது. மலையில் பாதிப் பேச்சில் டவர் போய்விடும். ஒருமுறை அறுந்தால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அவசரமாகப் படிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

நீங்கள் வந்திருந்த அன்று, சாப்பாட்டுக்கு இலை போடுவதற்காக மேசைமேல் நீ பரப்பி வைத்திருந்த காகிதங்களை எடுத்து அடுக்கினேன். படிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. ஆனால் இருபது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவளுக்கு, நோய்ப் பெயர்கள் வரிசையாக அச்சடித்த தாளைக் கண்டால் கண் தானாக அதில் ஓடும். துபாய் வேலைக்குப் போகும் உனக்கும், கூட வரும் என் மருமகள் பூங்கொடிக்கும் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான விண்ணப்பம் அது. பூங்கொடியின் பெயர் இருந்த பக்கத்தில், ஆஸ்துமா, மூச்சுத்திணறல் என்று கேட்டிருந்த இடத்துக்கு நேராக 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. உன் பேனா மை. அன்று காலையில்தான் அந்தப் பிள்ளை பனியில் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, நெஞ்சு விசில் அடிக்க, பையைத் துழாவி பஃப் எடுத்து இரண்டு முறை இழுத்ததை அடுப்படியிலிருந்து பார்த்திருந்தேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை அலமாரியில் வைத்துவிட்டுச் சோறு போட்டேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பாய். அந்தப் பேச்சை நான் முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். அன்று அதற்கு நான் இணங்கிப் போனேன். உன் அப்பாவுக்கு ஏன் கால் போனது என்பதும், அவர் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஏன் வரவில்லை என்பதும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. உனக்குத் தெரிந்த கதை வேறு. அது உன் அப்பா எனக்காகச் சொன்ன கதை.

தொண்ணூற்று ஏழில் நான் மஸ்கட் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலத்திலும் நம் மிளகுக்கொடிகள் வேரோடு அழுகிப்போயின. சில்வர் ஓக் மரங்களில் கொடி காய்ந்து கயிறு மாதிரி தொங்கியதை நீ பார்த்திருக்கிறாய். மரவள்ளி மட்டும் போட்டு உன்னை நாமக்கல்லில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைக்க முடியாது என்று ஆனபோது, எனக்கு மஸ்கட்டில் ஒரு சின்னத் தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். பிறகு உன் அப்பாவுக்கும் ஒரு வழி கிடைத்தது. பழங்களை மொத்தமாக இறக்கி விற்கும் ஒரு கிடங்கில் வேலை. மலைமேல் நம் ஊர்ச் சோளக்காட்டுச் சந்தையில் பலாவையும் அன்னாசியையும் தட்டிப் பார்த்துத் தரம் சொல்கிறவர் என்பதால் அந்த வேலை அவருக்குப் பிடித்தது. 'இங்க எல்லாப் பழமும் பெட்டிக்குள்ள வருது புள்ள, மரத்தை ஒருத்தனும் பாத்ததில்ல' என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு உடம்புக்கு வந்தால் எங்கள் கிளினிக்கே பார்த்துக்கொள்ளும். குடும்பத்துக்குக் கிடையாது. அவருடைய கிடங்கு முதலாளி மருத்துவ அட்டை எதுவும் தரவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே தனியார் ஆஸ்பத்திரிச் செலவு எப்படி என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான். அதனால் நானே ஒரு தனியார் காப்பீடு எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் ஒருவரை வரச் சொன்னேன். நம் தமிழ்நாட்டுக்காரர்தான், நல்லவிதமாகப் பேசுவார். பளபளவென்று ஒரு வண்ணத்தாளைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு பெரிய தொகை வரைக்கும் காப்பீடு என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தத் தொகையைப் பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எதற்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லும் புத்தகம் தனியாக இருந்தது. அது பணம் கட்டி மூன்று வாரம் கழித்துத்தான் தபாலில் வந்தது. நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டேன்.

விண்ணப்பத்தை அவரே கேள்வி கேட்டுப் பூர்த்தி செய்துகொண்டு வந்தார். சர்க்கரை என்ற கேள்வி வந்ததும் நான் 'இருக்கு, மாத்திரை சாப்பிடுறாரு' என்றேன். ஏஜென்ட் பேனாவை நிறுத்தினார்.

'அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னு போட்டா பிரீமியம் ஏறும். போதாததுக்கு, சர்க்கரையால வர்ற எதுக்கும் மொத வருஷம் பைசா தரமாட்டாங்க. இல்லைன்னு போட்டா ஒரு தொந்தரவும் இல்ல. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.'

உன் அப்பா குறுக்கிட்டார். 'ஏனுங்க, பொய் எழுதிக் குடுத்தா பின்னால சிக்கல் ஆகாதுங்களா?'

'யாரு சார் போயித் தோண்டப் போறா? மாத்திரையை வெளியில வாங்கிக்குங்க. அவ்வளவுதான்.'

உன் அப்பா என்னைப் பார்த்தார். நீதான் இந்தத் தொழிலில் இருக்கிறவள், உனக்குத்தான் தெரியும் என்பது மாதிரி ஒரு பார்வை. கண்ணு, அந்தப் பேனாவை வாங்கி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டது நான். ஏஜென்ட் போடவில்லை, உன் அப்பாவும் போடவில்லை. அவர் கீழே கையெழுத்துப் போட்டார், நான் காட்டிய இடத்தில். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அட்டை வந்த பிறகு நடந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அட்டை இல்லாத காலத்தில், ஒரு காய்ச்சல் வந்தால் தெருமுனையில் இருந்த டாக்டரிடம் போவார், மருந்து வாங்கி வருவார். அட்டை வந்த பிறகு அந்த டாக்டர் காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். டாக்ஸியில் போக வேண்டும். போனால் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு தொகை நம் கையிலிருந்து, அப்புறம் மருந்துச் செலவில் நம் பங்கு. எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது தவிர, போகும்போதெல்லாம் யாராவது ரத்தம் எடுத்துவிடுவார்களோ என்ற பயம். சர்க்கரை தெரிந்துவிட்டால் பொய் தெரிந்துவிடும். ஆக, கையில் அட்டை வந்ததிலிருந்து உன் அப்பா டாக்டரைப் பார்ப்பதே நின்றுபோனது. சர்க்கரை மாத்திரையையும் வெளியில் வாங்கினோம். அது விலை அதிகம் என்று அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டியது எனக்குத்தான்.

அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தை ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டதற்கு வயது ஒரு படி ஏறிவிட்டது என்றார்கள். அதையும் கட்டினோம். கட்டிய இரண்டாம் மாதம், கிடங்கில் மாம்பழப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தபோது, கீழே கிடந்த பலகையிலிருந்த ஆணி செருப்பைத் துளைத்து அவர் இடது காலில் குத்திவிட்டது.

ஆணி குத்தியதை என்னிடம் அவர் மறைத்துவிட்டார் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறார்? மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே வந்து காலை நீட்டிக் காட்டினார். 'பெரிசா ஒண்ணும் வலிக்கல புள்ள' என்றார். வலிக்கவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன். டி.டி. ஊசியை எங்கள் கிளினிக்கில் கேட்டு நானே போட்டேன். காயத்தைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் என்ன கேள்வி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒன்பது நாள் நான் வீட்டிலேயே கட்டுப் போட்டேன். ஐந்தாம் நாள் சிவப்பு கணுக்காலுக்கு ஏறியது. எங்கள் கிளினிக் டாக்டரிடம் வேறு யாருக்கோ கேட்பது மாதிரி மாத்திரை கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் காலை கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. வாடை வந்தது. அந்த வாடையைப் பிரசவ வார்டைத் தவிர மற்ற எல்லா வார்டிலும் நான் முகர்ந்திருக்கிறேன். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். உன் அப்பா குனிந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பட்டியலில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்த டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: 'சர்க்கரை இருக்கா?'

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். 'இல்லீங்க.'

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கறுத்துப்போன விரலைப் பார்த்துக்கொண்டே, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நர்ஸான நான் பேசாமல் நின்றேன். அந்த நிமிஷத்தை நினைக்காத நாள் எனக்கு இல்லை. ரத்தம் எடுத்திருந்தார்கள், ஆனால் அதன் முடிவு வந்து, டாக்டர் கைக்குப் போய், மருந்தை மாற்ற மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

'சிஸ்டர், நீங்க நர்ஸ்தானே?' என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, ஃபைலைப் பார்த்துச் சொன்னார். இரண்டு விரலை உடனே எடுத்துவிட்டால் பாதம் தப்பும், நாள் போகப் போக மேலே ஏறும் என்று. ஆபரேஷனுக்குக் காப்பீட்டுக் கம்பெனியின் அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி எழுதியது. கம்பெனி எங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தது. இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. ஏற்கனவே இருந்த நோயை மறைத்ததால் பாலிசியை எடுத்த நாளிலிருந்தே ரத்து செய்கிறோம், எந்தச் செலவையும் ஏற்கமாட்டோம் என்று ஆறே வரி. கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒன்றும் இல்லை. ஏஜென்டுக்குப் போன் செய்தேன். 'நான் சொன்னதுக்கு என்ன அக்கா அத்தாட்சி, டிக் போட்டது நீங்கதானே' என்றார். பொய் சொல்லவில்லை அவர்.

அதுவரை ஆன செலவே என் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேலே. ஆபரேஷனுக்கு முன்பணம் தனி. உன் அப்பா சொல்லிவிட்டார்: 'என்னைய ஊருக்கு அனுப்பிரு. அங்க போயி எடுத்துக்கறேன்.' ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வெளியே விட, பாக்கிப் பணத்துக்கு என் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் ஜாமீன் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கிளினிக்கும் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பாக்கி தீரும் வரை நாட்டை விட்டுப் போக முடியாது. அதுதான் கண்ணு, நான் வராததற்குக் காரணம்.

ஊருக்கு அனுப்புவதும் லேசாக இல்லை. நோயாளியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் செலவு எங்கள் பாலிசியில் ஆரம்பத்திலிருந்தே கிடையாது என்பதை அப்போதுதான் பெட்டியிலிருந்த புத்தகத்தைத் தேடியெடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டோம் என்றார்கள். சான்றிதழுக்கு நான்கு நாள். கூட ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். கிடங்கில் அவரோடு வேலை பார்த்த ஒரு ராஜபாளையத்துக்காரர் லீவில் போக இருந்தவர், தன் டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு கூட வந்தார். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது உன் அப்பா திரும்பிப் பார்த்து, 'வாரேன் புள்ள' என்று கை ஆட்டினார். சந்தைக்குப் போகிறவர் மாதிரி.

மீதி உனக்குத் தெரியும். என்னைவிட உனக்குத்தான் தெரியும். சித்தப்பாவோடு நீ சென்னைக்குப் போய் அவரை அழைத்து வந்தாய். சேலத்து டாக்டர்கள் பார்த்தபோது, விரல் எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பதினைந்து வயதில் நீ அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். அம்மா எங்கே என்று வந்தவர்களெல்லாம் உன்னிடம் கேட்டிருப்பார்கள். நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. உன்னிடம் கேட்டதில்லை.

நான் ஊர் வந்து சேரப் பதினாறு மாதம் ஆனது. சோளக்காட்டில் பஸ் விட்டு இறங்கினேன். நீ வந்து பையை வாங்கிக்கொண்டாய். முகத்தைப் பார்க்காமல், 'சம்பாரிச்சு முடிஞ்சுதாம்மா?' என்று கேட்டாய். உன் அப்பா ஏற்கனவே ஊர் முழுக்க ஒரு கதை சொல்லி வைத்திருந்தார். ஆணி குத்தியதை அவளிடம் சொல்லவே இல்லை, முட்டாள்தனம் என்னுடையது, அவள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்று. நர்ஸ் பொண்டாட்டி பக்கத்தில் இருந்தும் கால் போச்சே என்று ஜனங்கள் என்னைப் பேசிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது. அதை நான் அப்படியே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. நீ என்னைப் பணத்தாசை பிடித்தவள் என்று நினைப்பதை நான் தாங்கிக்கொண்டேன். காலைப் போக்கியவள் என்று நினைத்தால் தாங்க முடியாது என்று பயந்தேன். இரண்டில் எது மேல் என்று பார்த்து, குறைந்த தண்டனையை எடுத்துக்கொண்டேன். அதில் உன் அப்பாவை நீ சில சமயம் கோபத்தில் 'உங்க அறிவு அவ்வளவுதான்' என்று பேசுவதையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உண்மையை எழுதியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்கலாம். நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பிரீமியம் கூடியிருக்கும். முதல் வருஷம் சர்க்கரையால் வந்த எதற்கும் பணம் வந்திருக்காது. ஆனால் ஆணி குத்தியது இரண்டாம் வருஷம், கண்ணு. காத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருக்கும். அதைக்கூட விடு. பணமே வராமல் போயிருந்தாலும், ஆணி குத்திய அன்றே டாக்டரிடம் போய், இவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்லியிருப்போம். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக டாக்டருக்கு முன்னால் எங்கள் இரண்டு பேர் வாயும் கட்டிப்போனது. காப்பீட்டில் கண்ணுக்குத் தெரியாத செலவு என்று பலதைச் சொல்வார்கள். அதில் நாங்கள் கொடுத்தது இதுதான்.

நீ எழுதியது உன் உடம்பைப் பற்றிக்கூட இல்லை. பூங்கொடியின் நெஞ்சைப் பற்றி. துபாயில் மணல் காற்று அடிக்கும், வீட்டுக்குள் நாள் முழுக்க ஏசி ஓடும். அவளுக்கு இங்கே பனியில் வருவது அங்கே வராது என்று நீ நம்பக் கூடாது. என்றைக்காவது மூச்சு நிற்பது மாதிரி இழுக்கும்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள், ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும் என்று. அவளை அந்த இடத்தில் நிறுத்தாதே. அவளிடம் கேட்காமல் அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்திருந்தால், முதலில் அதை அவளிடம் சொல். நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியது நீ.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு வேறு வாங்கு. எந்த வருஷம் வந்தது, என்ன மருந்து, யார் டாக்டர், எல்லாம் எழுது. ஒரு நகலை நீ வைத்துக்கொள். பிரீமியம் கூடும், கூடட்டும். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று சொல்லும் அந்தப் புத்தகத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்கி, உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. ஒவ்வொரு முறையும் உன் பங்கு எவ்வளவு, வருஷத்துக்கு அது எங்கே போய் நிற்கும், நீங்கள் குடியிருக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது, அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும், கேள். நீங்கள் குழந்தைக்கு நினைத்திருந்தால், பிரசவத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று இப்போதே கேள். கர்ப்பமான பிறகு கேட்டால் உதவாது. உனக்கு வேலை போனால் அட்டை அன்றே செல்லாமல் போகுமா, லீவில் இங்கே வந்திருக்கும்போது உடம்புக்கு வந்தால் தருவார்களா, நோயாளியை ஊருக்குக் கொண்டுவர யார் செலவு என்பதையும் விடாதே. வாயால் சொல்கிற எதையும் எடுத்துக்கொள்ளாதே, எழுதி வாங்கு. இத்தனைக்கும் பிறகு, ஆஸ்துமா உள்ளவளை எடுக்கமாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டால், நீ முதலில் போ. அங்கே அவளை எடுத்துக்கொள்ளும் வேறு காப்பீடு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அழைத்துக்கொள். அதுவரை அவள் எங்களோடு இருக்க விரும்பினால் இருக்கலாம், அவள் அம்மா வீட்டில் இருக்க விரும்பினால் அங்கே இருக்கலாம். சில மாதப் பிரிவும் பெரிதுதான். நான் இரண்டு வருஷமும் பதினாறு மாதமும் பிரிந்திருந்தவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று நேற்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோளக்காட்டுக் கடையிலிருந்து வந்து, செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். 'பத்து வருசம் ஆகப்போகுது, இப்ப எதுக்குப் புள்ள?' என்றார். பூங்கொடியின் தாளில் பார்த்ததைச் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, 'எழுது. ஆனா அவன் உன்னைய ஏதாச்சும் சொல்லீருவான்' என்றார். சொல்லட்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் காலைப் பற்றிப் பேசி அவர் கண் கலங்கி நான் பார்த்தது நேற்றுதான்.

நீ கோபப்படுவாய். படு. நான் மறைத்தது ஒரு விண்ணப்பத்தில் மட்டும் இல்லை, உன்னிடமும்தான். ஒரு கால் இல்லாத அப்பாவை நீ தாங்கிய வயதில், அம்மா உன்னை விட்டுவிட்டாள் என்ற நினைப்பையும் சேர்த்துச் சுமக்க விட்டேன். மன்னித்துவிடு என்று எழுத ஆரம்பித்து இரண்டு முறை அடித்துவிட்டேன். அதைக் காகிதத்தில் கேட்பது சரியில்லை. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து போ. உன் அப்பாவிடம் சொல்லியனுப்ப வேண்டாம், என் நம்பருக்கே போன் செய், எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று. என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நேரில் கேள். எவ்வளவு கடினமாகக் கேட்டாலும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட மாட்டேன். எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

உன் அம்மா